11 ஆண்டு வேலையும் 15 கட்டங்களும்: மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன், வயது 36. 9 வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்து, இங்கேயே வளர்ந்து, குடியுரிமையும் பெற்றுவிட்டேன். 2011-இல் கணினி அறிவியலில் பட்டம் பெற்று, மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருள் சோதனைப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நடுவில் இரண்டாவது குழந்தைக்காக 14 மாதங்கள் வீட்டில் இருந்தேன். பிறகு மருத்துவம் படிக்க முடிவுசெய்து, மாலை வகுப்புகளில் உயிரியல், வேதியியல் பாடங்களை முடித்து, வேலையை விட்டுவிட்டேன். ஊர் ஆம்புலன்ஸ் ஸ்க்வாடில் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) தன்னார்வலராக இருக்கிறேன். எங்களுடன் வசிக்கும் என் தந்தை 2019 முதல் டயாலிசிஸில் இருக்கிறார். வரும் ஜூனில், அமெரிக்க மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் வழியாக விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். அதில் ‘ஒர்க் அண்ட் ஆக்டிவிட்டீஸ்’ (வேலையும் செயல்பாடுகளும்) பகுதியின் 15 கட்டங்களை எப்படி நிரப்புவது? கணினி வேலையை நான்காகப் பிரித்துப் போடலாம் என்கிறார் கணவர். அப்பாவுடன் டயாலிசிஸ் நிலையத்தில் ஐந்தாண்டுகளாகக் கழித்த 3,100 மணி நேரத்தை மருத்துவத் தொண்டாகக் காட்டலாம் என்கிறார் தோழி. வேலையில்லாத 14 மாதங்களுக்கு என்ன சொல்வது? எழுதிவைத்திருக்கும் வரைவுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தையும் வரைவுகளையும் ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். நான் உள்மருத்துவத் துறையில் பணிபுரிபவன்; மருத்துவப் பள்ளி ஒன்றின் சேர்க்கைக் குழுவில் சில ஆண்டுகள் இருந்து, உங்களைப் போல வேறு தொழிலிலிருந்து வருபவர்களின் விண்ணப்பங்களை நிறையப் படித்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து படிப்பவர் மனத்தில் என்ன ஓடும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கட்டங்களை எப்படி நிரப்புவது என்பதற்கான விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

கல்லூரியிலிருந்து நேரே வரும் 22 வயது மாணவரைப் பற்றிக் குழுவுக்குப் பல ஐயங்கள் இருக்கும்: பொறுப்பேற்கத் தெரியுமா, தோல்வியைத் தாங்குவாரா, தன்னைவிட மூத்தவர்களோடு ஒத்துப்போவாரா என்றெல்லாம். 11 ஆண்டுகள் ஒரே துறையில் நிலைத்து, இரண்டு குழந்தைகளையும் நோயாளியான தந்தையையும் பார்த்துக்கொண்டு, மாலை வகுப்பில் கரிம வேதியியலை முடித்தவரைப் பற்றி யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை. உங்களைப் பற்றி எழக்கூடிய ஐயம் பெரும்பாலும் ஒன்றுதான். இவர் பழைய வேலையில் சலித்துப்போய் இங்கே வருகிறாரா, அல்லது மருத்துவம் என்ற வேலையின் நாற்றம், அலுப்பு, காத்திருப்பு எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறாரா? மருத்துவப் பள்ளி நான்கு ஆண்டுகள், அதன்பின் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி குறைந்தது மூன்று ஆண்டுகள் என்று கணக்கிட்டால், தனித்து மருத்துவம் பார்க்கத் தொடங்கும்போது உங்களுக்கு 44 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். இதை அறிந்தே முடிவெடுத்தீர்கள் என்பதை உங்கள் பதிவுகள் காட்ட வேண்டும். வயதுக்காக வருந்தும் தொனி எங்கும் வேண்டாம். உங்கள் வரைவுகளில் ‘தாமதமானாலும்’ என்ற பொருளில் வரும் சொல்லை நான்கு இடங்களில் பார்த்தேன், நான்கையும் நீக்கிவிடுங்கள்.

படிவத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கணவரின் யோசனை அதைப் பொறுத்தது. அதிகபட்சம் 15 பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் இடைவெளிகள் உட்பட 700 எழுத்துகள். அவற்றுள் மூன்று வரை ‘மோஸ்ட் மீனிங்ஃபுல்’ (மிகவும் பொருளுள்ளது) என்று குறித்து, அந்த மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள் எழுதலாம். பதிவுகள் கால வரிசைப்படியே காட்டப்படும். எது முதலில் வரவேண்டும் என்று நீங்கள் அடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பதிவும் முன்பின் படிக்காதவருக்கும் விளங்கும்படி தனித்து நிற்க வேண்டும். 15-ஐயும் நிரப்பியே தீரவேண்டும் என்ற விதி இல்லை. 10 அல்லது 11 கனமான பதிவுகளோடு வந்த விண்ணப்பத்தைப் படிக்கும்போது எனக்கு எழுதியவர் மீது மதிப்புக் கூடியதுண்டு. கடைசி நான்கு கட்டங்களை ஒருநாள் கருத்தரங்குகளாலும் கல்லூரிக் காலச் சங்க உறுப்பினர் பதவிகளாலும் நிரப்பியவரிடம் அந்த மதிப்பு குறைந்ததும் உண்டு.

முதலில் கணினி வேலை. பதவி உயர்வு ஒவ்வொன்றையும் ஒரு கட்டமாக்கி நான்கு பதிவுகளாகப் போடுவது வேலைக்கான ரெஸ்யூமேயின் பழக்கம். அங்கே பதவிப் பெயர்களின் ஏறுமுகத்தைத்தான் படிப்பவர் தேடுவார். சேர்க்கைக் குழுவில் இருக்கும் உடற்கூறியல் பேராசிரியருக்கோ, குழந்தை மருத்துவருக்கோ, இறுதியாண்டு மாணவருக்கோ ‘சீனியர் அனலிஸ்ட்’ எப்போது ‘லீட்’ ஆனார் என்பதில் ஆர்வம் இருக்காது. ஒரே பதிவாகப் போடுங்கள். ஒரே பணிக்கு நான்கு காலப்பகுதிகள் வரை தனித்தனியே குறிக்கும் வசதி படிவத்திலேயே இருக்கிறது. குழந்தைக்கு முன் ஒரு காலப்பகுதி, பின் ஒரு காலப்பகுதி என்று இரண்டாகக் கொடுத்துவிட்டால் உங்களைக் கவலைப்படுத்தும் 14 மாதங்களும் அங்கேயே தெளிவாகத் தெரிந்துவிடும். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நேர்முகத்தில் யாராவது கேட்டால் ஒரே வாக்கியம் போதும்: குழந்தை பிறந்தது, வீட்டில் இருந்தேன். (டெக்சாஸ் அரசு மருத்துவப் பள்ளிகளுக்கும் விண்ணப்பிப்பதானால் அவற்றின் தனி விண்ணப்பமான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ்.-இல் உயர்நிலைப் பள்ளி முடித்தது முதல் இடைவெளியில்லாத காலவரிசை கேட்பார்கள்; அங்கே அந்த மாதங்களை ‘குழந்தை வளர்ப்பு’ என்றே எழுதுங்கள்.)

அந்த ஒரே பதிவை ‘மோஸ்ட் மீனிங்ஃபுல்’ மூன்றில் ஒன்றாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய தொழிலை ஓரமாக ஒளித்துவைத்துவிட்டு அண்மையில் சேர்த்த மருத்துவ அனுபவங்களை மட்டும் முன்னே நிறுத்தும் விண்ணப்பங்களைப் படிக்கும்போது, வயது வந்த ஒருவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி எங்கே போயிற்று என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் வரைவு அதைச் செய்யாது. ‘பன்னாட்டுக் குழுவுடன் இணைந்து பணியாற்றித் தலைமைப் பண்பு, தகவல் பரிமாற்றம், நேர மேலாண்மை ஆகியவற்றை வளர்த்துக்கொண்டேன், இவை மருத்துவருக்கு இன்றியமையாதவை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வரியை வங்கி அதிகாரியும் எழுதலாம், விமானப் பணிப்பெண்ணும் எழுதலாம். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில், போகிற போக்கில், பிறந்த குழந்தைகளின் பில்கள் பற்றி ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். வரைவில் அது இல்லை! அதை வைத்து எழுதினால் எப்படி இருக்கும் என்று சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். ஆங்கிலத்தில் உங்கள் நடையில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

‘ஒரு மருத்துவச் செலவைக் காப்பீடு ஏற்குமா மறுக்குமா என்று முடிவுசெய்யும் மென்பொருளை, அது நடைமுறைக்கு வருமுன் சோதிப்பது என் வேலை. கடைசி ஐந்து ஆண்டுகள் ஆறு பேர் கொண்ட குழுவை நடத்தினேன். ஒரு புதிய பதிப்பில், பிறந்து 30 நாள்கூட ஆகாத குழந்தைகளின் பில்கள், பெயர் இன்னும் பாலிசியில் ஏறவில்லை என்ற காரணத்தால் மறுக்கப்படுவதைக் கண்டேன். வெளியீட்டை நிறுத்தச் சொன்னேன். தேதி தவறும் என்று மேலாளர் முதலில் மறுத்தார்; எத்தனை பில்கள் பாதிக்கப்படும் என்று சோதனை முடிவுகளைக் காட்டியபின் ஒரு வாரம் தள்ளிவைத்தார். அந்த வாரம் முழுவதும் குழுவுடன் இருந்து திருத்தினோம்.’

இதில் தலைமைப் பண்பு என்ற சொல் எங்கும் இல்லை. படித்தவருக்கு அது தெரிந்துவிடும். கூடுதலாகக் கிடைக்கும் 1,325 எழுத்துகளில், அந்த மறுப்புக் கடிதம் போய்ச்சேரும் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி உங்களுக்கு ஏன் தோன்றியது, கோரிக்கை எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த வேலையில் உங்களுக்கு எது போதாமல் போயிற்று என்பதை எழுதுங்கள். தொழிலை விட்டு வருவதற்கான காரணம் இங்கேதான் இயல்பாக வந்து அமரும். நிறுவனத்தைக் குறைசொல்லும் ஒரு வார்த்தையும் அதில் வரக்கூடாது. அந்த வேலை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய என்பது உங்கள் கடிதத்திலிருந்தே எனக்குத் தெரிகிறது.

வேலை பார்த்த இடம் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் என்பதால் ‘ஊதியப் பணி – மருத்துவம்’ என்ற வகையில் போடலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். அந்த வகை நோயாளிக்கு அருகில் நின்று செய்யும் வேலைக்கு உரியது. ‘ஊதியப் பணி – மருத்துவம் சாராதது’ என்று போடுவதால் உங்களுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. மாற்றிப் போட்டால் மற்றப் பதிவுகளின் மீதும் சந்தேகம் விழும்.

அதே காரணத்தால்தான் தோழியின் யோசனையையும் ஏற்காதீர்கள் என்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், ஐந்தாண்டு என்று அவர் பெருக்கியிருக்கும் கணக்கு சரிதான். ஆனால் அந்த டயாலிசிஸ் நாற்காலியின் பக்கத்தில் நீங்கள் மகளாக உட்கார்ந்திருந்தீர்கள். தொண்டர் என்ற பொறுப்பு உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, உங்களை மேற்பார்வையிட்டவரும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் ஸ்க்வாடில் நீங்கள் சேர்த்திருக்கும் 600 மணி நேரம் வியர்வை சிந்திச் சேர்த்தது. அதன் பக்கத்தில் 3,100 என்ற எண் நின்றால் படிப்பவர் முதலில் அந்தப் பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பார், பிரித்தபின் சிறிய எண்ணையும் நம்பமாட்டார்.

அதற்காகத் தந்தையைப் பராமரித்த ஐந்தாண்டுகளை விட்டுவிடச் சொல்லவில்லை. ‘மற்றவை’ என்ற வகையில், குடும்பத்தில் நோயாளியைப் பராமரித்தல் என்று நேராகத் தலைப்பிட்டுப் போடுங்கள். மணிக்கணக்கை, நீங்கள் உண்மையில் ஏதாவது செய்துகொண்டிருந்த நேரத்துக்கு மட்டும் மதிப்பிட்டு, குறைவான பக்கமே சாய்ந்து எழுதுங்கள்: அழைத்துப்போனது, மருந்துகளை ஒழுங்குபடுத்தியது, மருத்துவரிடம் பேசியது. உள்ளடக்கத்தில் கண்ணீர் வேண்டாம். உணவு ஆலோசகர் தந்த தாளில் பாஸ்தாவும் சீரியலும்தான் இருந்தன, நம் வீட்டுச் சமையல் எதுவும் இல்லை என்பதால், இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்றும், காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் அது குறையும் என்றும் அவரிடமே கேட்டுச் சரிபார்த்துத் தமிழில் ஒரு தாள் எழுதிச் சமையலறையில் ஒட்டினீர்களே, அதை எழுதுங்கள். நோயாளிக்குச் சொல்லப்படும் அறிவுரைக்கும் அவர் தட்டில் விழும் சோற்றுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நீங்கள் பார்த்தவர் என்பது அந்த ஒரு தாளில் தெரிகிறது.

இதை ‘மோஸ்ட் மீனிங்ஃபுல்’ ஆக்க வேண்டாம் என்பேன். ஏன் மருத்துவம் என்று விளக்கும் உங்கள் பர்சனல் ஸ்டேட்மென்ட் கட்டுரை தந்தையின் நோயில்தான் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 5,300 எழுத்துகளில் அங்கே சொன்னதையே இங்கே 1,325 எழுத்துகளில் மீண்டும் சொன்னால், மருத்துவம் படிக்க உங்களிடம் ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது என்றாகிவிடும். பெற்றோரின் நோயைப் பார்த்து மருத்துவராக விரும்புபவர்கள் ஏராளம். அந்த விருப்பத்தை அந்நியர்களிடம் எடுத்துச்சென்று சோதித்துப் பார்த்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. இன்னொன்று: தந்தையின் நோய் விவரம் அவருடையது. என்ன எழுதப்போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லி, அவர் சம்மதத்துடன் எழுதுங்கள்.

அந்நியர்களிடம் சோதித்த இடம் உங்கள் ஸ்க்வாட். அது இரண்டாவது ‘மோஸ்ட் மீனிங்ஃபுல்’. நியூ ஜெர்சியில் ஊர்தோறும் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுக்கள் நெடுங்காலமாக இயங்கிவருகின்றன என்பது வேறு மாநிலத்துப் பேராசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். இது ஊதியமில்லாத பணி, நீங்கள் சான்றிதழ் பெற்ற இ.எம்.டி. என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். வகையும் ‘தன்னார்வத் தொண்டு – மருத்துவம்’ என்பதாகவே இருக்கட்டும். உங்கள் வரைவு, மாரடைப்பு வந்த ஒருவரைக் காப்பாற்றிய இரவைப் பற்றியது. அந்த இரவில் உங்களுடன் பாராமெடிக்குகளும் இருந்தார்கள், நீங்கள் மார்பை அழுத்தும் முறை வந்தபோது அழுத்தினீர்கள். ‘காப்பாற்றினேன்’ என்று ஒருமையில் எழுதியதை அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் படித்தால் முகம் சுளிப்பார். மாறாக, கீழே விழுந்துவிட்டேன் தூக்கிவிட வாருங்கள் என்று ஒரே மாதத்தில் மூன்று முறை அழைத்த முதியவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே: மூன்றாம் முறை அவரைத் தூக்கி உட்காரவைத்தபின், குளியலறை வாசலில் சுருண்டு கிடந்த தரைவிரிப்பைக் கவனித்து, அவரிடம் கேட்டு அதைச் சுருட்டி வைத்துவிட்டு, தனியாக இருக்கிறார் என்பதை உங்கள் பொறுப்பாளரிடம் தெரிவித்தீர்கள். மருத்துவத்தில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கும். இதை மனமாரச் செய்கிறவரைத்தான் குழு தேடுகிறது. பெயர், தெரு, அரிதான நோய் போன்று ஆளை அடையாளம் காட்டும் எதையும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கவனம் இருக்கிறதா என்பதையும் படிப்பவர் பார்ப்பார்.

மூன்றாவது எது என்று நீங்கள் முடிவுசெய்யவில்லை. சிறுநீரக மருத்துவரையும் குடும்ப மருத்துவரையும் பின்தொடர்ந்து பார்த்த 50 மணி நேரத்தைக் கருதியிருக்கிறீர்கள். ஷேடோயிங் அவசியம்தான், ஆனால் அது பார்வையாளர் வேலை. இரண்டு மருத்துவர்களையும் ஒரே பதிவில் சேர்த்து, ஆளுக்கு எத்தனை மணி என்று குறித்து, இரண்டு மூன்று வரியோடு முடித்துவிடலாம். உங்கள் கடிதத்திலேயே சிறந்த செய்தி எது என்று என்னைக் கேட்டால், பின்குறிப்பில் ஒற்றை வாக்கியமாக நீங்கள் தள்ளிவிட்டிருப்பதைத்தான் சொல்வேன். ஏழு ஆண்டுகளாக ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் வகுப்பெடுக்கிறீர்கள். பேரப்பிள்ளைகளை அழைத்துவந்து வெளியே காத்திருக்கும் தாத்தா பாட்டிகள் மருந்துப் புட்டிகளைக் கைப்பையில் கொண்டுவந்து, ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள். இப்போது வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் அதற்கென்றே ஒதுக்குகிறீர்கள். இதைப் போய் ‘பொழுதுபோக்கு’ வகையில் வைத்திருக்கிறீர்கள்! ‘கற்பித்தல்’ வகையில் போட்டு, மூன்றாவது ‘மோஸ்ட் மீனிங்ஃபுல்’ ஆக்குங்கள்.

அதை எழுதும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. தமிழ்ப் பள்ளி என்றால் என்ன என்பதே படிப்பவருக்குத் தெரியாது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் வீட்டு மொழியைப் படிக்க எழுதக் கற்கும் வார இறுதிப் பள்ளி, வாரம் இரண்டு மணி நேரம், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போங்கள். சங்கம், அன்னதானம், அரங்கேற்றம் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அடுத்தது, எல்லை. சீட்டில் இருப்பதைப் படித்துச் சொன்னீர்கள், ‘நாளைக்கு இரண்டு முறை’ என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தீர்கள், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் குறித்துக்கொடுத்தீர்கள். இந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அதை அப்படியே எழுதுங்கள். ‘மருத்துவ ஆலோசனை வழங்கினேன்’ என்ற உங்கள் வரைவுச் சொற்றொடர், நல்ல காரியத்தையே குற்றமாக்கிவிடும். இதற்கு மணிக்கணக்கைப் பள்ளி நேரத்தோடு சேர்க்காமல் விளக்கத்தில் தனியாகக் குறிப்பிடுவது நல்லது.

கோயில் அன்னதானப் பணியை ஒரு பதிவாக வைத்துக்கொள்ளலாம், விட்டாலும் இழப்பில்லை. நம்மவர் நடுவிலேயே செய்த தொண்டை மட்டும் அடுக்கினால், தன் வட்டத்துக்கு வெளியே இவர் போவாரா என்ற கேள்வி எழும். உங்களுக்கு ஸ்க்வாட் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. மாலை வகுப்புகளையும், மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கான தயாரிப்பையும் பதிவாகப் போடாதீர்கள். பாடங்களுக்கும் மதிப்பெண்ணுக்கும் விண்ணப்பத்தில் வேறு இடம் இருக்கிறது. பொழுதுபோக்கில் ‘வாசிப்பு, பயணம்’ என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டு, ஜெர்சியின் குறுகிய கோடையில் பாகற்கொடியைக் காய்க்கவைக்க நீங்கள் படும் பாட்டை எழுதுங்கள். நேர்முகத்தில் முதல் பத்து நிமிடங்கள் அதிலேயே போனாலும் வியப்பதற்கில்லை.

தொடர்புக்கு உரியவர் பெயர் ஒவ்வொரு பதிவுக்கும் கேட்கப்படும். பழைய மேலாளர் நிறுவனத்தை விட்டுப் போயிருந்தால், அங்கே உங்களோடு வேலை பார்த்த, உங்கள் பணியை உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரின் பெயரைக் கொடுங்கள். கொடுக்குமுன் அவரிடம் சொல்லிவிடுங்கள். தோட்டத்துக்கு உங்கள் பெயரையே கொடுக்கலாம். மூன்று முக்கியப் பதிவுகளுள் ஸ்க்வாடிலிருந்தும் நிறுவனத்திலிருந்தும் பரிந்துரைக் கடிதங்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்; மிகச் சரி. மிக முக்கியம் என்று நீங்களே குறித்த ஓரிடத்திலிருந்து உங்களைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லையென்றால் படிப்பவர் அதைக் கவனிப்பார்.

ஒரு கட்டத்தை மட்டும் நான் முழுதாக எடுத்துவிடச் சொல்வேன்: ஜூலையில் தொடங்கவிருக்கும் ஹாஸ்பிஸ் (வாழ்வின் இறுதிக்காலப் பராமரிப்பு) தொண்டு, எதிர்பார்க்கும் நேரம் 400 மணி. நடந்துகொண்டிருக்கும் பணிக்கு, செய்து முடித்த மணிகளைத் தனியாகவும் இனிச் செய்யவிருக்கும் மணிகளைத் தனியாகவும் காட்டப் படிவம் இடம் தருகிறது. இன்னும் ஒருநாள்கூடப் போகாத இடத்துக்கு, நிறைந்த எதிர்காலக் கணக்கும் வெறுமையான கடந்தகாலமும் உள்ள பதிவு எதற்கு? போக விரும்பினால் இந்த மாதமே தொடங்குங்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிடமிருந்து பணம் பெறும் ஹாஸ்பிஸ் அமைப்புகள், நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 விழுக்காட்டுக்கு ஈடான நேரத்தைத் தன்னார்வலர்களைக் கொண்டு அளிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஆகவே பெரும்பாலான ஹாஸ்பிஸ்களுக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. பயிற்சி, பின்னணிச் சரிபார்ப்பு எல்லாம் முடியச் சில வாரங்கள் ஆகும். ஜூனுக்குள் நான்கைந்து முறையாவது ஒருவர் படுக்கையருகே உட்கார்ந்திருந்தால் பதிவாகப் போடுங்கள். இல்லையென்றால் பள்ளிகள் பின்னர் அனுப்பும் செகண்டரி கட்டுரைகளிலோ, புதுத்தகவல் கடிதங்களை ஏற்கும் பள்ளிகளுக்கு எழுதும் கடிதத்திலோ சொல்லிக்கொள்ளலாம்.

ஏ.ஐ. கருவிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யோசனைக்கும் பிழை திருத்தத்துக்கும் செப்பனிடவும் அவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் இறுதியில் சமர்ப்பிப்பது உங்கள் சொந்தப் படைப்பாகவும் உங்கள் அனுபவமாகவும் இருக்க வேண்டும் என்ற உறுதிமொழியில் நீங்கள் ஒப்பமிடப்போகிறீர்கள். உங்கள் இரண்டாம் வரைவில் ‘தலைமைப் பண்பு, நேர மேலாண்மை’ எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கப்போவதில்லை; கடிதத்தில் இருக்கும் உங்கள் குரல் அதைவிட நன்றாக இருக்கிறது.

விண்ணப்பப் படிவம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். சமர்ப்பிப்பது மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ தொடங்கும். சமர்ப்பித்தபின் இந்தப் பகுதியில் எழுதியதைத் திருத்த முடியாது, ஆகவே மருத்துவத் துறையில் இல்லாத ஒருவரிடமும், தமிழ் அறியாத ஒருவரிடமும் கொடுத்து, புரியாத இடத்தில் கோடிடச் சொல்லுங்கள். தடித்த எழுத்து, பட்டியல் குறி போன்ற அலங்காரங்களைப் படிவம் ஏற்காது என்பதால் வெற்றெழுத்தாகவே தட்டச்சு செய்துகொள்ளுங்கள். எழுத்து வரம்பைப் பெட்டிக்குள் ஒட்டிப் பார்த்து உறுதிசெய்தபின் சமர்ப்பியுங்கள். டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதி மருத்துவப் பள்ளிகளுக்கும் விண்ணப்பிப்பதாக இருந்தால் அங்கே ஒரு பதிவுக்கு 600 எழுத்துகள்தான், எனவே அந்தப் படிவத்துக்கென்று தனியாகச் சுருக்கி ஒரு பிரதி இப்போதே வைத்துக்கொள்வது உதவும்.